முத்திரை வைத்த ஒன்பது பானைகள்

கேட்க உட்கார்ந்தவர்களே, மலைகளுக்கு யாரும் எல்லைக்கல் நடாத காலத்தில் மூங்கிலடுக்கம் என்றொரு சின்ன நாடு இருந்தது. அதைப் பொருப்பன் என்ற மன்னன் ஆண்டு வந்தான். நல்ல மன்னன்தான். வரி குறைவு, கோபம் குறைவு. தேன் மட்டும் அதிகம்.

காலையில் தினைமாவில் தேன். உச்சிவேளையில் பலாச்சுளையில் தேன். சாயங்காலம் எதுவும் இல்லாமல் வெறும் தேன். அரண்மனை மருத்துவர் ஒருமுறை, "கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே" என்றார். மறுநாளிலிருந்து அவர் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தார்.

அரண்மனைத் தோட்டத்தில் ஒன்பது தேன்பானைகள் இருந்தன. பெரிய மண்பானைகள். கல்மேடையில் சாய்த்துக் கிடத்தி, வாயை மரத்தட்டால் மூடி, தட்டில் தேனீ நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். உள்ளே தேனீக்கள் அடை கட்டும், குஞ்சு பொரிக்கும், தேன் சேர்க்கும்.

மூடியின் விளிம்பில் அரக்கு வைத்து அரச முத்திரை குத்தியிருக்கும். இது மன்னனின் பாட்டனார் செய்த ஏற்பாடு. தேனைக் காவலர்கள் நக்கிவிடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் ஒரு சட்டம் போட்டார். தேன் எடுக்கும் நாளில் மட்டும்தான் முத்திரையை உடைக்கலாம். உடைத்தால், அரசர் சொன்ன அளவைக் குறையாமல் எடுத்தே ஆக வேண்டும். வேறு நாளில் உடைத்தவர் மலையை விட்டு இறங்க வேண்டும்.

ஆக, எவ்வளவு எடுக்கலாம் என்பதை மூடி மூடியிருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். இதில் ஏதோ இடிக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த அவையில் இரண்டு தலைமுறையாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த மலையில் ஆனி பிறந்தால் மழை பிடிக்கும். நாற்பது நாள் விடாது. பூ நனைந்து போகும், தேனீ வெளியே தலைகாட்டாது. பானைக்குள் சேர்த்து வைத்ததைத்தான் தின்ன வேண்டும். சேமிப்பு தீர்ந்தால் ஒன்று செத்துப் போகும், இல்லையென்றால் பானையைக் காலி செய்துவிட்டுப் பறந்து போகும்.

இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் நடந்தது. இரண்டு முறையும் பழி காவலர் மேல் விழுந்தது. முதல் ஆண்டுக் காவலர் இப்போது கடற்கரையில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். இரண்டாம் ஆண்டுக் காவலர் அவருக்குப் பக்கத்துப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்தார். குளிர்ந்த மலையில் பிறந்த இருவருக்கும் வெயிலில் தோல் உரிந்துவிட்டதாகச் சேதி வந்தது.

மூன்றாம் ஆண்டு, காட்டிலிருந்து புதுக் கூட்டங்கள் பிடித்து வந்து பானைகளில் குடியேற்றி, பேராயி என்ற பெண்ணைக் காவலுக்கு வைத்தார்கள். தேனீயோடு பிறந்து வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. இந்த ஆண்டும் தேனீக்கள் போனால் அவளும் உப்பளத்துக்கு நடக்க வேண்டும். மலையிலிருந்து கடற்கரைக்குப் பதினோரு நாள் நடை.

வைகாசி முடிய எட்டு நாள் இருக்கும்போது மன்னன் பேராயியை அழைத்தான்.

"பேராயி, பக்கத்து நாட்டு மன்னர் விருந்துக்கு வருகிறார். ஒன்பது பானையிலும் பாதித் தேன் எடுக்கலாம் என்று இருக்கிறேன். மீதிப் பாதி தேனீக்களுக்குப் போதும் அல்லவா?"

"போதுமா போதாதான்னு எனக்குத் தெரியாது மகராசா. மூடியைத் திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"திறந்தால் எடுத்தே ஆக வேண்டுமே."

"அதான் மகராசா சங்கடம்."

மன்னன் யோசித்தான். மன்னர்கள் யோசித்தால் அறிஞர்களைக் கூப்பிடுவார்கள். மூன்று பேர் வந்தார்கள். எடை அறிந்தவர் மாநாகர். இசை அறிந்தவர் ஏழிசையார். சகுனம் அறிந்தவர் கண்ணந்தையார்.

முதல் நாள் மாநாகர் தோட்டத்துக்கு வந்தார். பின்னால் நான்கு ஆட்கள் பெரிய தராசைத் தூக்கி வந்தார்கள். மரக்கிளையில் தராசைக் கட்டி, பானைகளை ஒவ்வொன்றாகக் கயிறு போட்டுத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொன்றும் கல்லாகக் கனத்தது.

"நிறைய இருக்கிறது. எடை பொய் சொல்லாது" என்றார் மாநாகர்.

"எடை பொய் சொல்லாது ஐயா" என்றாள் பேராயி. "ஆனா மூணு நாளா கோடை மழை. மண்பானை அம்புட்டுத் தண்ணியையும் குடிச்சிருக்கு. நீங்க தேனையா நிறுத்தீங்க, மழையையா நிறுத்தீங்க?"

"கனம் என்றால் உள்ளே தேன் என்று பொருள்."

"அப்படியா? என்னையும் தூக்கித் தராசுல வைங்க. போன மாசத்தைவிடக் கனமாத்தான் இருப்பேன். தேனைத் திருடிக் குடிச்சுட்டான்னு சொல்லிருவீங்க போல."

தராசு பிடித்த ஆட்கள் சிரித்தார்கள். மாநாகர் சிரிக்கவில்லை. 'போதும்' என்று ஓலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் நாள் ஏழிசையார் வந்தார். ஒவ்வொரு பானையிலும் காதை ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே ஹோவென்று இரைச்சல். அவர் முகம் மலர்ந்தது. தலை ஆடியது. கை தொடையில் தாளம் போட்டது.

"ஆகா! என்ன பண், என்ன பண்! வயிறு நிறைந்தவர்கள்தான் இப்படிப் பாட முடியும்."

"ஐயா, என் காதுக்கு அது சண்டை போடுற மாதிரி கேக்குது" என்றாள் பேராயி.

"உனக்கு இசை தெரியுமா அம்மா?"

"தெரியாதுங்க. பசி தெரியும்."

அவரும் 'போதும்' என்று எழுதினார். எழுதும்போதும் தலை ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் கண்ணந்தையார் வந்தார். பானைகளுக்கு எதிரே மணைபோட்டு அமர்ந்து, ஓட்டைகளையே உற்றுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கொழுத்த, கரிய தேனீக்கள் வெளியே வந்தன. மற்றவை அவற்றைச் சுற்றி மொய்த்துக்கொண்டு வந்தன.

"பார்த்தாயா சகுனத்தை!" என்று துள்ளினார் கண்ணந்தையார். "எவ்வளவு கொழுப்பு! வீட்டில் சாப்பாடு இல்லாமலா கொழுத்தார்கள்? மற்றவர்கள் மரியாதையாக வாசல் வரை வந்து வழியனுப்புகிறார்கள் பார்!"

"ஐயா, அது ஆண் தேனீ" என்றாள் பேராயி. "பூவுக்குப் போகாது, அடை கட்டாது. உக்காந்து திங்கும். சேமிப்பு குறைஞ்சா மத்ததெல்லாம் சேர்ந்து முதல்ல அதுகளைத்தான் வெளியே தள்ளும். வழியனுப்பலை ஐயா, கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுது."

பக்கத்தில் நின்ற அரண்மனை அதிகாரிகள் சிலர் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். கண்ணந்தையாரும் 'போதும்' என்று எழுதினார்.

மன்னன் பேராயியை மறுபடி அழைத்தான்.

"மூன்று பேரும் போதும் என்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?"

"நான் விரலால தட்டிப் பார்த்தேன் மகராசா. தேன் இருக்கிற பானை மந்தமா ஒலிக்கும், இல்லாதது கணீர்னு ஒலிக்கும். ஏழாவது பானைக்கும் ஒன்பதாவது பானைக்கும் கவலை இல்லை. மத்ததுல பாதியை எடுத்தா மழையைத் தாங்காது."

"மூன்று அறிஞர்கள் சொல்வதைவிட உன் விரல் பெரிதா?"

பதினோரு நாள் நடையைப் பேராயி நினைத்திருக்க வேண்டும். பிறகு சொன்னாள்:

"பெரிசில்ல மகராசா. அவங்க முறையே சரின்னு நானும் ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு. மழைக்கு நம்ம ஊர்ல எல்லா வீட்லயும் தானியம் சேர்த்து வச்சிருக்காங்க. அந்த மூணு பேர் வீட்டையும் இதே முறையில, வாசல்ல நின்னே நான் பார்க்கறேன். போதும்னு பட்டா, பாதியை அரண்மனைக்கு எடுத்துக்குங்க. பானைக்கு என்ன நியாயமோ அதே நியாயம்."

மன்னனுக்கு வேடிக்கை பிடிக்கும். மூன்று அறிஞர்களுக்கோ தங்கள் முறைமேல் அசையாத நம்பிக்கை. "எங்கள் முறை எங்கும் செல்லும்" என்றார் மாநாகர். மற்ற இருவரும் ஆமோதித்தார்கள். எந்த வீட்டிலும் யாரும் மனைவியைக் கேட்கவில்லை.

மூன்று வீடுகளும் காட்டாற்றுக்கு அக்கரையில் இருந்தன. பேராயி தராசோடும் நான்கு ஆட்களோடும் ஆற்றைக் கடந்து போனாள்.

முதலில் மாநாகர் வீடு. தானியம் வைத்திருக்கும் தாழியைத் தூக்கித் தராசில் தொங்கவிடச் சொன்னாள். இரண்டு விரல் தடிமனான பழைய மண்தாழி. மரக்கிளை முனகியது.

"எடை பொய் சொல்லாது" என்றாள் பேராயி. "இந்தக் கனத்துக்கு உள்ளே இருபது மரக்கால் தினை இருக்கணும். பாதி, பத்து மரக்கால். எடுங்க."

திறந்து அளந்தார்கள். உள்ளே இருந்ததே ஒன்பது மரக்கால்தான். ஒன்பதும் போயிற்று.

அடுத்து ஏழிசையார் வீடு. உள்ளே அவருடைய நான்கு பிள்ளைகள் கஞ்சிக்கு அழுதுகொண்டிருந்தன. அவர் மனைவியும் அவர் தங்கையும், யார் முறை சமையல் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேராயி கதவில் காதை ஒட்டி வைத்துக் கண்ணை மூடினாள். தலையை ஆட்டினாள். தாளமும் போட்டாள்.

"ஆகா, என்ன பண்! இங்கே நிறைய இருக்கு. எடுங்க."

மூன்றாவது கண்ணந்தையார் வீடு. பேராயி எதிரே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணந்தையாரின் மைத்துனன் வெளியே வந்தான். நன்றாகக் கொழுத்தவன். அவனாக வரவில்லை. பின்னால் அக்காள் துடைப்பத்தோடு நின்றாள்.

"ஏழு மாசமா உக்காந்து திங்கறியேடா! மழைக்கு வச்ச அரிசியையும் கரைச்சுட்டா நாங்க எதைத் திங்கறது? போ, எங்கயாவது போய் வேலை பாரு!"

"நல்ல சகுனம்" என்றாள் பேராயி. "கொழுத்தவங்க வெளியே வர்றாங்க. வீட்டம்மா மரியாதையா வழியனுப்பறாங்க. எடுங்க."

மறுநாள் காலையில் அவை கூடியது. மூன்று அறிஞர்களும் முந்தின நாள் மாலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. போகாததற்குக் காரணம் அவைக்கே நடந்து வந்தது. மூன்று வீட்டுப் பெண்களும், நான்கு பிள்ளைகளும், அந்த மைத்துனனும் ஆற்றைக் கடந்து வந்து மன்னன் முன்னால் நின்றார்கள்.

மாநாகரின் மனைவி தத்தை முதலில் வாயைத் திறந்தாள். பிறகு வெகுநேரம் மூடவில்லை.

"மகராசா, எந்த மேதாவி இந்த வழியைக் கண்டுபிடிச்சது? தாழியை மரத்துல கட்டித் தொங்கவிட நாலு ஆளு! மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்க்க ஒரு ஆளு இல்லையா? மண்ணோட கனம் எவ்வளவு, தினையோட கனம் எவ்வளவுன்னு தெரியாத மூளையை எந்தத் தராசுல நிறுக்கறது?"

"அம்மா" என்றாள் பேராயி, "வழி என்னுதில்ல. உங்க வீட்டுக்காரருது."

தத்தை கணவனைப் பார்த்தாள். மாநாகர் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தூண் அவரைவிட ஒல்லி.

"பிள்ளைங்க பசியில அழுததைப் பாட்டுன்னு சொன்னது யாரு?" என்று ஏழிசையாரின் மனைவி கேட்டாள். ஏழிசையார் கூரையைப் பார்த்தார்.

கண்ணந்தையாரின் மனைவி துடைப்பத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குப் பதில் சொல்லக் கண்ணந்தையார் முன்வந்தார்.

"மன்னா, உள்ளே பார்க்காமல், வாசலில் நின்று, ஒரு குடும்பத்துக்குப் போதும் என்று எப்படிச் சொல்வது? இது அநியாயம்!"

அவையே அவரைத் திரும்பிப் பார்த்தது. கண்ணந்தையார் தான் என்ன சொன்னோம் என்பதை மெதுவாக உணர்ந்து, மெதுவாக உட்கார்ந்தார்.

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"பேராயி, புரிகிறது. ஆனால் பாட்டனார் சட்டம் இருக்கிறதே."

"பாட்டனார் திருட்டுக்குத்தானே பயந்தாரு? திறக்கும்போது நீங்களே பக்கத்துல நில்லுங்க மகராசா. உங்க தேனை உங்க கண்ணு முன்னாடி யாரு திருடுவா?"

இரண்டு தலைமுறையாக யாருக்கும் தோன்றாதது மன்னனுக்கு அப்போது தோன்றியது. சட்டம் அந்த இடத்திலேயே செத்தது. யாரும் அழவில்லை.

எல்லோரும் தோட்டத்துக்குப் போனார்கள். பேராயி சருகு மூட்டிப் புகை போட்டு, முதல் பானையின் முத்திரையை உடைத்து மூடியை எடுத்தாள். அடைகள் வரிசையாகத் தொங்கின. அடையின் கீழ்ப்பகுதி முழுக்கக் குஞ்சுகள். அதற்கு மேல் மஞ்சளாக மகரந்தம். எல்லாவற்றுக்கும் மேலே, வெள்ளை மெழுகு மூடிய தேன், ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவாக.

"அவ்வளவுதானா?" என்று மன்னன் முகத்தைக் கிட்டே கொண்டு போனான். ஒரு தேனீ அவன் மூக்கில் கொட்டியது. அரசரின் மூக்கு என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொட்டியிருக்கும்.

"நாப்பது நாளைக்கு ஒரு சாண் வேணும் மகராசா" என்றாள் பேராயி. "இதுல பாதியை எடுத்திருந்தா ஆனி பாதியிலயே முடிஞ்சிருக்கும்."

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எல்லாம் ஒரு சாணுக்குச் சற்றே குறைவு. எடுக்காமல் விட்டால் இழுத்துப் பிடித்துத் தாங்கும். ஐந்தும் ஆறும் அப்படியே. மன்னன் வீங்கிய மூக்கோடு ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தான், இப்போது கொஞ்சம் தள்ளி நின்று.

ஏழாவது பானையைப் பேராயி பெருமையோடு திறந்தாள்.

உள்ளே மகரந்தம் அப்பிக் கிடந்தது. குஞ்சுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. தேன் ஒரு நகக்கீற்று அளவுகூட இல்லை.

பேராயி அடைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். அவளுடைய விரலுக்கு மந்தமாக ஒலித்தது மகரந்தம். கவலை இல்லை என்று எந்தப் பானையைக் கைகாட்டினாளோ அதுதான் முதல் வாரத்திலேயே செத்திருக்கும்.

மாநாகருக்கு நான்கு நாளில் முதல்முறையாக உற்சாகம் வந்தது. "என்ன அம்மா, விரல் பொய் சொல்லுமோ?"

"சொல்லுது ஐயா" என்றாள் பேராயி. "மூணு பேரைக் கேலி பண்ணினேன். நாலாவது ஆளு நான். நல்லவேளை திறந்தோம்."

மாநாகரே எட்டாவது பானையின் முத்திரையை உடைக்கக் கத்தியை எடுத்து நீட்டினார்.

எட்டாவதும் தாங்கும் போலிருந்தது. ஒன்பதாவதில் தேன் இரண்டு சாணுக்கு வழிந்தது. பேராயி அதன் அடைகளில் பாதியை அறுத்து, நாரால் கட்டி, ஏழாவது பானைக்குள் தொங்கவிட்டாள். விளிம்பில் வழிந்ததை ஒரு கிண்ணத்தில் பிடித்து மன்னனிடம் கொடுத்தாள்.

"இவ்வளவுதான் மகராசா மிச்சம்."

மன்னன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அதைத் தன் மூக்கில் தடவிக்கொண்டான். வலி அவ்வளவு இருந்தது.

தானியத்தைத் திருப்பி அனுப்ப ஆணை போட்டார்கள். ஆட்கள் மூட்டையைத் தூக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு அது மூன்று நாள் முந்திக்கொண்டது. காட்டாறு இரு கரையும் புரண்டது. விருந்துக்கு வர வேண்டிய பக்கத்து நாட்டு மன்னர் வழி அடைபட்டு வரவே இல்லை. வந்திருந்த மூன்று குடும்பங்களும் வீட்டுக்குப் போக முடியவில்லை. எல்லோரும் அரண்மனையில் தங்கினார்கள், மைத்துனன் உட்பட.

மழை நாற்பது நாள் பெய்யவில்லை. ஐம்பத்திரண்டு நாள் பெய்தது.

இருபதாம் நாள் மன்னன் தினைமாவை வெறுமனே தின்னப் பழகினான். முப்பதாம் நாள் சமையற்காரர், "களஞ்சியத்தில் போதுமான அளவு இருக்கிறது மன்னா" என்றார். "எப்படித் தெரியும்?" என்று மன்னன் கேட்டான். "களஞ்சியம் பெரியதாயிற்றே" என்றார் அவர். மன்னன் எழுந்து, தானே போய், ஒவ்வொரு தாழியின் மூடியையும் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான். மூன்று தாழிகள் காலி. அன்றிலிருந்து அரண்மனையில் எல்லோருக்கும் அரை வயிறு, மன்னனுக்கும் சேர்த்துத்தான். மைத்துனனை விறகு பிளக்க வைத்தார்கள். ஒருவரும் சாகவில்லை.

ஐம்பத்து மூன்றாம் நாள் வெயில் வந்தது. பேராயி பிறந்து சில நாளே ஆன மகளை இடுப்புத் துணியில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். முதல் பானையின் ஓட்டையிலிருந்து ஒரு தேனீ வெளியே வந்து, இறக்கையைச் சிலுப்பிக்கொண்டு பறந்தது. இரண்டாவதிலிருந்தும் வந்தது. மூன்றாவதிலிருந்தும் வந்தது. ஏழாவதிலிருந்து வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வந்தது.

உப்பளத்திலிருந்த இரண்டு காவலர்களையும் அழைத்துவர ஆள் போனது. பக்கத்தில் நின்ற மன்னன், "பூ வந்துவிட்டது. இனிப் போதும்தானே?" என்று கேட்டான். மூன்று அறிஞர்களும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்: "தெரியாது மன்னா. திறந்து பார்க்கலாம்."

பேராயி புகைக்குச் சருகு பொறுக்கப் போனாள்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: இன்னொருவருக்கு இருப்பது போதும் என்று தீர்ப்புச் சொல்லும் முன், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும்.